ஜெயந்தினியின் மூலப் பிரதி

ஜெயந்தினியின் பிறப்புச் சான்றிதழ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2023 பெப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவளுக்குப் பதினைந்து வயதும் பதினொரு மாதமும். அதுவரை, அவள் பிறந்தவள் என்பதற்கு தமிழ்நாட்டில் மண்டபம் அகதிமுகாமில் கொடுத்த ஆஸ்பத்திரித் துண்டும் கோவிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டும்தான் சாட்சி. சான்றிதழுக்காகத் தகப்பன் இராசேந்திரம் கொழும்புக்கு நான்கு தடவை போய்வந்தார். நாலாம் தடவை கொண்டுவந்த அந்த ஒற்றைத் தாளைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, அலுமாரியில் வேதாகமத்துக்கு அடியில் வைத்தார். கை கழுவாமல் அதை ஒருவரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இராசேந்திரத்தின் பெற்றோர் 1977 கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். அவருக்கு அப்போது மூன்று வயது. பதினாறாவது வயதில், 1990 இல், வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார். முகாமில் அகஸ்ரினாவைக் கண்டு 2004 இல் கலியாணம் முடித்தார். அகஸ்ரினா அரிப்புக்கும் முள்ளிக்குளத்துக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்துப் பெண். 2019 செப்டெம்பர் 24 இல் மூன்று பேருமாக விமானத்தில் திரும்பி வந்து குடியேறியது அவளுடைய ஊரில்தான். இராசேந்திரம் யாகப்பர் சம்மாட்டியாரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். ஊருக்கு அவர் "அகஸ்ரினாவின்ர மனுசன்". சொந்த இடம் எது என்று கேட்டால் "கட்டுக்கரைப் பக்கம்" என்பார். அது பொய்யில்லை. அதற்கு முன்பு எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெயந்தினி பாடசாலையில் சேர்ந்தது 2020 ஜனவரி 2. வயதுப்படி எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டியவளை, இங்கத்தைப் பாடங்கள் தெரியாது என்று ஆறாம் வகுப்பில் விட்டார்கள். வகுப்பில் இருபத்துமூன்று பேர். அவள் நாலடி பதினொரு அங்குலம். அவளுக்கு அடுத்த உயரமான பிள்ளை நாலடி ஏழு. வாசலில் நின்று வகுப்பாசிரியை யசிந்தா ரீச்சரிடம் கேட்டாள்:

"டீச்சர், நான் எங்க உட்காரணும்?"

"உட்காரணுமாம்!" என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல். யாகப்பர் சம்மாட்டியாரின் மகன் கொலின்ஸ். "இட்லி, இஞ்ச வந்து உட்காரு. சாம்பார் கொண்டந்தியா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றைக்கே அவளுக்கு இட்லி என்று பெயர் விழுந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள். "அம்மா, யாராவது இவங்களுக்குச் சொல்லுங்களேன், அங்க என்னை சிலோன்னுதான் கூப்பிட்டாங்கன்னு."

கடைசி வாங்கில் எடித் தனியாக இருந்தாள். சின்ன உடம்பு, இடது கையால் எழுதுகிறவள், வகுப்பில் முதலாம் பிள்ளை. எடித்தின் தகப்பன் சிலாபத்துச் சிங்களவர். பருவத்துக்கு மீன்பிடிக்க வந்து, கரையில் வாடிக் குடிசை போட்டு, இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டவர். நல்ல வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். ஆனாலும் எடித் வகுப்புக்குள் காலடி வைத்தால் கொலின்ஸ் கைகூப்பி எழும்பிச் சிங்களத்தில் வணக்கம் வைப்பான். "ஆயுபோவன், நோனா!" பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து எழும்புவார்கள்.

ஜெயந்தினியை எடித்துக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். மூன்றாம் நாள் எடித் கொப்பியை மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"உட்காரு எண்டு சொல்லாத. இரு எண்டு சொல்லு."

"சரி."

"ஆமா இல்லை, ஓம். நாற்காலி இல்லை, கதிரை."

"ஜன்னல்?"

"யன்னல். அது கிட்டத்தட்டச் சரி. பரவாயில்லை, உனக்கு நல்ல மூளை."

இரண்டு மாதத்தில் ஜெயந்தினி வாறன், போறன் என்று பழகிவிட்டாள். சிங்களமும் இங்கத்தைப் பாடங்களும் அவளுக்குப் புதிது. எடித்தின் கொப்பிகளைப் பார்த்துத்தான் எழுதினாள். நாலு வருடத்தில் நாற்பது கொப்பியாவது இருக்கும். இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்து அவளுக்குத் தன் எழுத்தைவிடப் பழக்கம்.

கொரோனாவுக்காகப் பாடசாலை பூட்டுவதற்கு முந்திய வாரம், கொலின்ஸ் ஒரு தடவைகூட "ஆயுபோவன்" சொல்லவில்லை. அவனுக்கு இட்லி போதுமாயிருந்தது. எடித் அதைக் கவனித்திருந்தாள். ஜெயந்தினி கவனிக்கவில்லை.

2024 இல் அவர்கள் பத்தாம் வகுப்பு. எடித் வகுப்புத் தலைவி. ஜூலை 10, புதன்கிழமை, யசிந்தா ரீச்சர் அடையாள அட்டை விண்ணப்பம் பற்றிச் சொன்னார். சாதாரண தரச் சோதனை எழுதப் போகிற எல்லாருக்கும் அட்டை வேண்டும். பிறப்புச் சான்றிதழின் போட்டோக் கொப்பியைத் திங்கட்கிழமை கொண்டுவந்து எடித்திடம் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும்.

வீட்டில் ஜெயந்தினி சொன்னதும் இராசேந்திரம் தலையை ஆட்டினார். "கொப்பி வேணாம். ஒரிஜினலையே கொடு."

"அப்பா, ரீச்சர் கொப்பி எண்டுதான் சொன்னவ."

"ரீச்சருக்குத் தெரியாதும்மா. முகாம்ல இருபத்தொன்பது வருசம் வரிசையில நின்னவன் நான். கொப்பியக் காட்டினா, போய் அசலை எடுத்துட்டு வான்னு அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள கதவைச் சாத்திடுவாங்க. உன் சோதனை விசயம் இது."

அகஸ்ரினாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவளும் அதே வரிசையில் நின்றவள்தான். முகாமிலிருந்து வந்த வேறு எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை, ஜூலை 15, இடைவேளைக்கு முன் தண்ணீர்க் குழாயடியில் ஜெயந்தினி எடித்தைத் தனியாகப் பிடித்தாள். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உறையை மார்போடு அணைத்திருந்தாள்.

"எடித், இதை நேரா ரீச்சரிட்டைக் குடுக்கட்டா?"

"ஏன்? என்னத்துக்கு?"

ஜெயந்தினி உறையைத் திறந்து, தகப்பனின் இனம் என்ற கூட்டைக் காட்டினாள். இந்தியத் தமிழர் என்று இருந்தது; மலைநாட்டுத் தோட்டத்து ஆக்களுக்குப் போடுகிற பெயர். "இது கொலின்சின்ர கண்ணில பட்டா நான் செத்தன். இட்லி எண்டாப் பகிடி. இது அப்பாவின்ர விசயம். அப்பா அவன்ர தகப்பன்ர வள்ளத்தில போறவர்."

எடித் கூட்டை வாசித்தாள். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். அதே கூட்டில் சிங்களவர் என்று இருந்தது.

"எனக்கு மட்டும் என்னவாம்? எல்லாருக்கும் தெரியும், ஆனா எழுத்தில பாத்தா உயிர் எடுப்பாங்கள். உன்ரையும் என்ரையும் ஒண்டா ஒரு கவருக்குள்ள வைச்சு ஒட்டி, அடியில வைக்கிறன். ஒருத்தனும் தொடமாட்டான்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா. இஞ்ச தா, பயந்தாங்கொள்ளி."

ஜெயந்தினி கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை அவள் வகுப்புக்குள் வந்தபோது ஒருவரும் இட்லி என்று சொல்லவில்லை. கொலின்ஸ் மேசையில் தாளம் போட்டான்.

"கொழுந்து வருது, கொழுந்து வருது, கூடையை எடுங்கோடா!"

பின்வரிசையில் ஒருவன் புத்தகப்பையின் வாரைத் தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் தேயிலைக் கொழுந்து கிள்ளினான். பெண்பிள்ளைகளும் சிரித்தார்கள். "ஏய் தோட்டக்காடு, கங்காணி கூப்பிடுறார்!" என்றான் வேறொருவன். ஜெயந்தினி எடித்தைப் பார்த்தாள். எடித் குனிந்து வரவுப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பிடித் தெரியும்?" என்று இடைவேளையில் கேட்டாள் ஜெயந்தினி.

"நான் அங்கால போன நேரம் கொலின்ஸ் மேசையைத் திறந்திட்டான். நான் என்ன செய்ய?" என்றாள் எடித். ஜெயந்தினி அதை நம்பினாள். இரண்டு நாள் முழுவதும் நம்பினாள்.

வியாழக்கிழமை யசிந்தா ரீச்சர் தாள்களைச் சரிபார்க்கும்போது, "ஐயோ பிள்ளை, இது ஒறிஜினல் எல்லோ!" என்று கத்தினார். ஜெயந்தினி எழுந்து போய்ப் பார்த்தாள். இனம் என்ற கூட்டில் இந்தியத் தமிழர் என்பதை நீலப் பேனையால் வெட்டி, பக்கத்தில் தோட்டக்காடு என்று எழுதி, கீழே சின்னக் கூடை ஒன்று கீறியிருந்தது. அழுத்தி எழுதியதில் தாள் மறுபக்கம் புடைத்திருந்தது.

எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் அழவில்லை. திரும்பி வந்து வாங்கில் இருந்தாள். பக்கத்தில் எடித்தின் முழங்கை அவளுடைய முழங்கையில் வழக்கம்போலத் தொட்டுக்கொண்டிருந்தது. தன் கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் இராசேந்திரம் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பேனை வெட்டு விழுந்த சான்றிதழை எந்த அரசாங்கக் கந்தோரும் எடுக்காது. வேறு பிரதி எடுக்கத் திரும்பவும் கொழும்புக்குப் போக வேண்டும்.

"யாரு எழுதினாங்கம்மா?"

"தெரியாது அப்பா."

"கொலின்சாத்தான் இருக்கும்," என்றாள் அகஸ்ரினா. "வேற ஆர்? அந்தக் காவாலி."

"இருக்கலாம்," என்றார் இராசேந்திரம். "போன மாசம் வலையைப் பிழையா வளைச்சான்னு சம்மாட்டி அவனைக் கரையில வச்சு அடிச்சார். கன்னத்துல. நாங்க ஆறு பேரும் பாத்துக்கிட்டு நின்னோம். மற்றவங்க முகத்தைத் திருப்பிட்டாங்க. நான் திருப்ப மறந்துட்டேன். அவன் என்னையேதான் பாத்தான்."

ஜெயந்தினி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடித் அல்ல என்று வருவதற்கு ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பாடசாலை அதிபர் தாளைக் கேட்டு வாங்கி விசாரித்தார். வகுப்பில் எல்லாரும் கொலின்சைக் கைகாட்டினார்கள். "நான் வாசிச்சனான் சேர், எழுதேல்லை," என்றான் அவன். நம்ப ஒருவருமில்லை. அடுத்த நாள் யாகப்பர் சம்மாட்டியாரைக் கூப்பிட்டார்கள். அவர் அதிபரின் முன்னாலேயே மகனுக்கு இரண்டு அறை விட்டார். பின்னேரம் கரைக்குப் போய் இராசேந்திரத்திடம் சொன்னார்:

"என்ர பெடியன் பிழைதான் விட்டான், சரி. அதுக்கு அதிபரிட்டை ஏன் போனனி? என்னட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. என்ர சோத்தைத் திண்டுகொண்டு என்னை ஊருக்கு முன்னால நிக்க வைச்சிட்டாய். நாளையிலிருந்து வேற வள்ளம் பார்."

இராசேந்திரம் அதிபரிடம் போகவேயில்லை; தாளைக் கண்டு யசிந்தா ரீச்சர்தான் போனவர். அதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவி, "ரெண்டு நாள் ஓய்வு," என்றார். கடற்காற்றுப் பலமாக இருந்தபடியால் அகஸ்ரினா முதலில் நம்பினாள். புதன்கிழமை காலை மற்ற ஐந்து பேரும் வள்ளத்தைத் தள்ளுவதைக் கண்டபோதுதான் அவளுக்கு விளங்கியது.

இப்போது இரண்டு விசயம் ஜெயந்தினியின் கையில் இருந்தது: தகப்பனின் தொழில், எடித். வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் எடித்தை மறித்தாள்.

"அது உன்ர எழுத்து."

எடித் சைக்கிள் பூட்டில் சாவியைப் போட்டாள்.

"ஏன் எழுதினனி எண்டு நான் இப்ப கேக்கேல்லை. அப்பாவை வள்ளத்தால நிப்பாட்டிட்டாங்கள். நாளைக்கு நீயே போய் அதிபரிட்டைச் சொல்லு. நான் சொல்லமாட்டன். நீ சொன்னாக் காணும். பிறகு நாங்கள் முன்னை மாதிரி இருப்பம்."

"ஓம்," என்றாள் எடித். "நாளைக்குச் சொல்லுறன். ஆணையா."

வெள்ளிக்கிழமை எடித் அதிபரின் அறைக்குள் போனதை ஜெயந்தினி யன்னலால் கண்டாள். ஏழெட்டு நிமிடம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து, ஜெயந்தினியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜெயந்தினிக்கு அது போதுமாயிருந்தது. மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதிப் பொரியலை எடித்தின் மூடியில் வைத்தாள். எடித் அதைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை, ஜூலை 29, யசிந்தா ரீச்சர் ஜெயந்தினியைக் கூப்பிட்டுத் தோளில் கைவைத்தார். "இனி யோசிக்காதை பிள்ளை. கொலின்ஸ் எழுதினதைக் கண்ணால கண்டதெண்டு எடித் எழுதிக் கையெழுத்தே வைச்சிட்டா. அவனை இரண்டு கிழமை நிப்பாட்டப் போறம். நல்ல சிநேகிதி உனக்கு."

ஜெயந்தினி வகுப்புக்குத் திரும்பவில்லை. பையைத் திறந்து, எடித் கடைசியாகக் கொடுத்த வரலாற்றுக் கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே அதிபரின் அறைக்குப் போனாள். சான்றிதழ் அவருடைய மேசையில்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கொப்பியை விரித்து வைத்தாள்.

"இது என்ன?"

"பாருங்கோ சேர்."

அதிபர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு எடித்தையும் கொலின்சையும் கூப்பிட்டார்.

எடித் கொப்பியைக் கண்டதும் கதிரையைப் பிடித்தாள். அழுகையோடு எல்லாம் வந்தது. கவரைக் கொலின்ஸ் பறித்துக் கிழித்திருக்கிறான். முதலில் அவன் கையில் வந்தது எடித்தின் தாள்.

"சிங்களவர் எண்டு பலத்து வாசிக்கப் போனான் சேர். பழையபடி ஆயுபோவன் தொடங்கும் எண்டு நினைச்சன். ஆறாம் வகுப்புக்கு முன்னால மூண்டு வருசம், சேர். தண்ணி குடிக்கப் போனாலும் பின்னால வந்து சொல்லுவாங்கள். அதான்… அதான், இதைவிட நல்ல பகிடி உள்ள இருக்கு எண்டு சொன்னன்."

"பேனை?" என்றார் அதிபர் கொலின்சைப் பார்த்து.

"நான்தான் குடுத்தனான் சேர்." அவன் நிலத்தைப் பார்த்தான். "எங்கட பக்கம் எண்டா நீயே எழுது எண்டு சொன்னனான். எழுதமாட்டாள் எண்டுதான் நினைச்சன். பேனை குடுத்தது நான் எண்டபடியா அவளைக் காட்டிக்குடுக்கேல்லை."

"கூடை?"

எடித் விரித்திருந்த கொப்பியை மூடினாள். சொல்லைக் கேட்டு எழுதலாம். கூடை கீறும்படி அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஜெயந்தினி அந்த இடத்தில்தான் முதல் தடவையாக முகத்தைத் திருப்பினாள்.

அடுத்த நாள் யாகப்பர் சம்மாட்டியார் ஆள் அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை, "வள்ளத்துக்கு வரட்டாம்" என்பது மட்டும் இருந்தது. இராசேந்திரம் போனார். எடித்தின் தகப்பன் வீடு தேடி வந்து, வாசலிலேயே நின்று, கொச்சைத் தமிழில், "தம்பி, மகள் செஞ்சது பெரிய பிழை. மன்னிக்க வேணும்," என்றார். இராசேந்திரம் அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். இரண்டு பேரும் காற்றைப் பற்றியும் நண்டு வலையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார்கள். ஜெயந்தினி உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

எடித்தைத் தலைவிப் பதவியிலிருந்து எடுத்தார்கள். ஜெயந்தினி முன்வாங்குக்கு மாறினாள். கொழுந்து என்ற பேச்சு அதிபருக்குப் பயந்து மெல்ல நின்றது. ஆகஸ்ட் மாதம் ஒரு காலை எடித் வகுப்புக்குள் வந்தபோது பின்வரிசையில் யாரோ கைகூப்பினார்கள். "ஆயுபோவன், நோனா!" எடித் நின்று, முன்வாங்கைப் பார்த்தாள். ஜெயந்தினி கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

புதிய பிரதி எடுக்க இராசேந்திரத்துக்கு இன்னும் இரண்டு கொழும்புப் பயணம் ஆனது. மற்றவர்களின் விண்ணப்பத்தோடு அவளுடையது போகவில்லை. தனியாக, பிந்திப் போனது. அட்டை அவள் கைக்கு வந்தது 2025 மே 20, செவ்வாய்க்கிழமை. சோதனைக்கு அது போதிய காலம். யசிந்தா ரீச்சர் கொடுத்துவிட்டுப் போனதும், யாரும் இல்லாத வகுப்பில் எடித் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பத்து மாதத்துக்குப் பிறகு அதுதான் முதற் பேச்சு.

"உன்ர அட்டையைப் பாக்கட்டா?"

ஜெயந்தினி கொடுத்தாள். எடித் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இனம் எண்டு இதில ஒரு இடமும் இல்லை, என்ன?"

"இல்லை."

"என்ரையிலயும் இல்லை. எல்லாம் அந்தத் தாளால வந்த வினை."

"தாள் ஒண்டும் செய்யேல்லை."

எடித்தின் கண் கலங்கியது. "நீ என்ர நிலைமையில இருந்தா என்ன செய்திருப்பாய்? சொல்லு பாப்பம்."

ஜெயந்தினி அட்டையை வாங்கிப் பொலித்தீன் உறைக்குள் போட்டாள். 

"நீ ஓடிவந்து, கொலின்ஸ் உன்ரையை வாசிக்கப் போறான், என்ன செய்ய எண்டு என்னட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா, என்ரையைக் குடுடி, அதை வாசிக்கட்டும் எண்டு நானே சொல்லியிருப்பன்."

"மெய்யாவோ?"

"அது இனி எனக்கும் தெரியவராது," என்றாள் ஜெயந்தினி. "நீ கேக்கேல்லை."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவள் 2026 இல் சோதனை எழுதினாள். எடித்தும் அதே மண்டபத்தில் எழுதினாள், மூன்று மேசை தள்ளி.